வெள்ளத்தாயி காலைத் தூக்காத பாட்டு

குதிரைக்கல் ஊரில் மே மாதம் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் மூன்றரை மணிக்குத் தொடங்கிய ஒரு பாட்டு மே மாதம் அறுபத்திரண்டாம் தேதி மத்தியானம்தான் முடிந்தது என்று சொன்னால், மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் முதலில் நம் மூஞ்சியைப் பார்ப்பார்கள், அப்புறம் காலண்டரைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்த ஐம்பது நாளும் அங்கே சோறு தின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பூண்டு மூட்டை ஏற்றுகிற ஜீப்பில் இடம் கேட்டு ஏறிப் போய் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

மலை உச்சியில் வெள்ளைப்பூண்டும் முட்டைக்கோஸும் விளைகிற முந்நூறு வீட்டு ஊர் அது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து ஒருத்தர், உருளைக்கிழங்கு எப்படிப் போடுவது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார், அவர் போட்ட கிழங்கெல்லாம் முதல் மழையிலேயே அழுகிப்போனது, ஆனால் சாயங்காலமானால் அவர் வாசலில் உட்கார்ந்து வாசித்த பாஞ்சோ என்ற கம்பி வாத்தியமும், அவர் நாட்டு மலைக்காரர்கள் கம்பி வாத்தியங்களை வைத்துக்கொண்டு கூடி வாசிக்கிற புளூகிராஸ் என்ற பாட்டும் ஊருக்குள் வேர் பிடித்துவிட்டன. ஊர் வாயில் விழுந்து அது புல்லுப்பாட்டு ஆனது. பூண்டு உரிக்கிற கையெல்லாம் கம்பி தட்டப் பழகி, வீட்டுக்கு ஒரு கிதாரோ மாண்டலினோ பரணில் கிடக்க, கல்யாணத்துக்குச் சீர் வைக்கிறபோது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு பாஞ்சோவும் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வாசிப்பு என்னவோ சுமார்தான், அதை அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு ஒருநாள், பூண்டு அறுத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் சீட்டுக் கச்சேரி நடக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் பேரை எழுதி ஒரு அண்டாவில் போட வேண்டும், ஐந்து ஐந்து பேராகச் சீட்டு எடுப்பார்கள், அண்ணன் தம்பியானாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியானாலும் சரி, சீட்டில் சேர்ந்து வந்துவிட்டால் அந்த ஐந்து பேரும் ஒரு செட்டு, கோஸ் குடோனுக்குப் பின்னால் போய் அரைமணி நேரம் பழகிவிட்டு வந்து மேடையில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். பாட்டைத் தொடங்கியவர்தான் அதை முடிக்கவும் வேண்டும். எப்படியென்றால், வாசித்துக்கொண்டே வலது காலைத் தரையிலிருந்து தூக்குவார், தூக்கினால் இந்தச் சுற்றோடு சரி என்று அர்த்தம், மற்ற நாலு பேரும் சேர்ந்து நிறுத்திவிடுவார்கள். முன்னொரு வருஷம் ஆளுக்கு ஒரு இடத்தில் நிறுத்தி, மாண்டலினால் மண்டையில் அடித்துக்கொண்ட பிறகு, காலைத் தூக்குவது தொடங்கியவருக்கு மட்டும்தான், வேறு யாரும் அந்தக் காலில் தலையிடக்கூடாது என்று ஊர் கூடிப் பேசி முடித்திருந்தார்கள்.

வெள்ளத்தாயி அந்த வருஷம் பேர் போடவில்லை. அவள் புருஷன் பால்சாமி ஆறு மாதமாக வயிற்றில் கட்டியோடு கட்டிலில் கிடந்தார், கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், ஆறு மாதமும் அவரைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் போட்டு, ராத்திரியெல்லாம் முழித்து முழித்து அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, பசி வந்தால்கூட அடுத்த வீட்டுக்காரிக்கு வந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்த நர்ஸ் லூர்து சிஸ்டர் அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, "நாளைக்குத் தாண்டாதுக்கா, சொல்லி அனுப்ப வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்பிருங்க" என்றபோதுகூட, "சரி சிஸ்டர், காப்பி குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டாள்.

அவள் பேரை எழுதி அண்டாவில் போடச் சொல்லி ஆள் அனுப்பியது பால்சாமிதான்.

"ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இந்த நேரத்துல நான் மேடையில போயி உக்காந்தா ஊரு காறித் துப்பாது?"

"மைதானம் என்ன மதுரையிலயா இருக்கு? நாப்பது எட்டு எடுத்து வச்சா வந்துரும். சன்னலத் தொறந்து வச்சிட்டுப் போ, நான் இங்கருந்தே கேட்டுக்கிறேன். நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்றார்.

ஏழாவது செட்டில் அவள் பேர் வந்தது. கிதாருக்கு ஜீப் டிரைவர் ஜெயசீலன், வயலினுக்கு அதே லூர்து சிஸ்டர், மாண்டலினுக்கு போஸ்ட் மாஸ்டர் நாகலிங்கம், தேயிலைப் பெட்டியில் ஒற்றைக் கம்பி கட்டிய பெட்டி பாஸுக்கு கோஸ் வியாபாரி மீரான் ராவுத்தர், பாஞ்சோவுக்கு வெள்ளத்தாயி. மட்டக்குதிரை மெட்டு வாசிக்கலாம், அதுதான் எல்லாருக்கும் தெரியும், வெள்ளத்தாயிக்கா தொடங்கட்டும் என்று முடிவானது. அவளும் தொடங்கினாள். ஒரு சுற்று போனது, இரண்டு போனது, மூன்றாவதில் வழக்கமாகக் காலைத் தூக்குவார்கள், வெள்ளத்தாயி தூக்கவில்லை. விரல் அதுபாட்டுக்கு ஓடியது, திறந்திருந்த தன் வீட்டுச் சன்னலிலேயே அவள் கண் இருந்தது, அவளுக்குத் தான் ஒரு பாட்டு வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோனது. ஐந்து, ஒன்பது, பதினாலு என்று சுற்று போக, அடுத்த செட்டுக்காரர்கள் மேடைக்குக் கீழே நின்று, "ஏத்தா, நாங்கெல்லாம் வீட்டுக்குப் போறதா வேண்டாமா?" என்று கத்த, கடைசியில் விரல் நொந்துபோய் ஒவ்வொருத்தராக வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். வெள்ளத்தாயியும் வைத்தாள். பாட்டு நிற்கவில்லை. மேடையில் யாரும் இல்லாமலே பாஞ்சோவும் வயலினும் கிதாரும் மாண்டலினும் பெட்டி பாஸும் அப்படி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தன, இன்னும் சொல்லப்போனால் முன்னைவிடக் கொஞ்சம் சுருதி சேர்ந்திருந்தது.

அன்றைக்கு ஊருக்கு வந்த கவலையெல்லாம் மீதி பதினோரு செட்டும் வாசிக்க முடியாமல் போனதுதான். ஒரு பாட்டு ஓடும்போது இன்னொரு பாட்டை எப்படி எடுப்பது? பத்து நாளைக்கு அந்த ஐம்பத்தைந்து பேரும் வெள்ளத்தாயியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

பால்சாமி அன்று சாயங்காலம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள்தான் ஊருக்கு விளங்க ஆரம்பித்தது. சோப்புக் கரையவில்லை, தீப்பெட்டியில் குச்சி குறையவில்லை, அரிசி மூட்டை அளக்க அளக்க அதே உயரத்தில் நின்றது, சர்ச்சில் ஏற்றிய மெழுகுவத்தி ஏற்றின அளவிலேயே எரிந்தது, சீட்டாட உட்கார்ந்தவர்கள் யாரும் ஜெயிக்கவும் இல்லை தோற்கவும் இல்லை. பாட்டுக்கு முடிவு வராததால் அந்த ஊரில் எதற்கும் முடிவு வராமல் போய்விட்டது. பொழுது மட்டும் ஊருக்குச் சொந்தமில்லாத பண்டம் என்பதால் அது வழக்கம்போல விடிந்து வழக்கம்போல அடைந்தது. ஆனால் மாதம் முடியவில்லை. முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் என்ன தேதி போடுவது என்று போஸ்ட் மாஸ்டர் ஒருமணி நேரம் யோசித்துவிட்டு, முத்திரையில் கையாலேயே மே முப்பத்திரண்டு என்று திருத்திக் குத்தினார். மே மாதம் முடியாததால் கோடை லீவும் முடியவில்லை. அந்தப் பாட்டுக்கு மனசார வாழ்த்துச் சொன்னவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான்.

ஊரென்றால் எதற்கும் பழகிக்கொள்ளும். எல்லாரும் அந்தத் தாளத்துக்கு நடந்தார்கள், அந்தத் தாளத்துக்கு மாவாட்டினார்கள், சண்டைக்காரிகள் அந்தத் தாளத்துக்கே வைதுகொண்டார்கள், அந்தச் சண்டையும் முடியாததால் சாப்பாட்டு நேரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு மறுபடி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். மளிகைக் கடைக்காரர் வியாபாரமே இல்லாமல் கல்லாவில் தலை வைத்துத் தூங்கினார். கீழே இறங்கலாம் என்று பூண்டு ஏற்றிக்கொண்டு போன ஜீப் கொண்டை ஊசி வளைவுக்குப் பின்னால் கொண்டை ஊசி வளைவாகப் போய்க்கொண்டே இருந்துவிட்டு, இருட்டுமுன் திரும்பி வந்தது. இங்கிருந்து புறப்படுகிற பயணத்துக்கும் முடிவில்லை. சத்தம் அதிகமாக இருக்கிறதென்று யாரோ கொடுத்த புகாரை விசாரிக்கக் கீழேயிருந்து ஒரு அதிகாரி வந்தார், ஒலிபெருக்கி எங்கே என்று கேட்டார், அப்படி ஒன்று இல்லை என்றதும், இல்லாத ஒலிபெருக்கியை உடனே அகற்ற வேண்டும் என்று எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டு ஜீப் ஏறினார், சாயங்காலம் திரும்பி வந்தார். நாலு நாள் போராடிப் பார்த்துவிட்டு அவரும் மாண்டலின் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

நிறுத்திப் பார்க்காமலும் இல்லை. போஸ்ட் மாஸ்டர் காலைத் தூக்கினார், ராவுத்தர் தூக்கினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே மைதானத்தில் ஒற்றைக்காலில் நின்றது. பாட்டு அசையவில்லை. தொடங்கியவள் தூக்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும், வெள்ளத்தாயிக்கும் தெரியும். அவள் தூக்கினால் முதலில் யாருக்கு முடிவு வரும் என்பதும் தெரிந்ததால் ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. வருவார்கள், தின்பண்டம் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள், பால்சாமியைப் பார்ப்பார்கள், மழை வருமா என்று பேசுவார்கள்; பேச்செல்லாம் மழையில் இருக்கும், கண்ணெல்லாம் வெள்ளத்தாயி காலில் இருக்கும். அவள் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பால்சாமிக்கு வலியும் முடியவில்லை. லூர்து சிஸ்டர் கொடுத்த மருந்துப் பாட்டில் தீராமல் இருந்ததுதான் ஒரே புண்ணியம். ஆனாலும் அந்த மனுஷனுக்கு இருக்கத்தான் பிடித்தது. வலி கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போது சன்னல் வழியே பாட்டைக் கேட்டு, விரலால் கட்டில் சட்டத்தில் தட்டுவார், "அந்தா, ஒன் பாஞ்சோ வருது பாரு, இந்த எடத்துல ஒரு தப்பு விடுவ, விட்டியா?" என்று சிரிப்பார்.

"நீங்க என்ன நெனைக்கிறீக? நிறுத்தவா வேண்டாமா?" என்று ஒருநாள் அவள் நேராகவே கேட்டாள்.

"இருந்துட்டுப் போறேனே தாயி. ஒனக்கென்ன எடஞ்சலா?"

இடைஞ்சலா இல்லையா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவர் இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, கஞ்சியை ஆற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இருபத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவரைப் பற்றி இப்படி ஒன்றுமே தோன்றாமல் இருக்கிறதே, நாமெல்லாம் ஒரு மனுஷியா என்று நினைத்தாள், அந்த நினைப்பும் அவளைக் குத்தவில்லை.

கிதார் வாசித்த ஜெயசீலனின் பெண்டாட்டி ஸ்டெல்லா மாசமாக இருந்தாள். பாட்டு தொடங்கியபோது ஏழரை மாதம். பாட்டு பிள்ளையை வளரவிட்டது, அதில் குறையில்லை. ஐம்பத்தெட்டாம் தேதி காலையில் வலி எடுத்தது, வலி எடுத்தால் அதற்கு ஒரு முடிவு வேண்டுமே, அது வரவில்லை. அன்று முழுக்க வலி, மறுநாளும் வலி, அதற்கு மறுநாளும். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஜீப்பில் படுக்கவைத்துக் கிளம்பிய ஜெயசீலன் எழுபது வளைவு இறங்கிவிட்டு எழுபத்தோராவது வளைவில் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றான். லூர்து சிஸ்டர் பக்கத்தை விட்டு நகரவில்லை. நாலு வீடு தள்ளி அந்தப் பெண் போடுகிற சத்தம் மட்டக்குதிரை மெட்டின் மூன்றாவது அடியில் சரியாக வந்து விழுந்தது.

ஜெயசீலன் கேட்கவில்லை. எட்டு மாதமாக வெள்ளத்தாயி வீட்டுக்கு ஊற்றிலிருந்து தண்ணீர்க்குடம் கொண்டுவந்து வைப்பவன், அந்த நாலு நாளும் அதே மாதிரி கொண்டுவந்து வைத்தான். அறுபத்திரண்டாம் தேதி குடத்தை இறக்கும்போது சரிந்து பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. "மன்னிச்சுக்கங்கக்கா, தொடச்சு விட்டுர்றேன்" என்று குனிந்து, துண்டால் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான், தரை எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் காலுக்குப் பக்கத்தில்தான் துடைத்தான், ஆனால் ஒருதரம்கூட அந்தக் காலை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஊரில் பார்க்காத ஒரே ஆள் அவன்தான்.

அவன் போனதும் வெள்ளத்தாயி பால்சாமிக்குக் கஞ்சி புகட்டினாள், வாயைத் துடைத்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள், பரணிலிருந்து பாஞ்சோவை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"கடைக்கா? வீட்ல என்ன தீந்துபோச்சு?"

அவள் முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பால்சாமி அவளைப் பார்த்தார், அப்புறம் ஊர்க்காரர்களைப் போலவே அவள் காலைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் கழிச்சுப் போகலாம்ல?"

"அந்தப் புள்ள கத்துறது ஒங்க காதுல விழுகலையா?"

"விழுகுது. அதான் ரெண்டு நாளுங்குறேன். இல்லாட்டி ரெண்டு வருசமுன்னுல்ல சொல்லியிருப்பேன்."

அவள் நின்றாள். அவர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் சன்னல் திறந்திருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு இறங்கி நடந்தாள்.

அவள் மைதானத்துக்குப் போகிறாள் என்று யாரும் தண்டோராப் போடவில்லை, ஆனாலும் அவள் மேடை ஏறும்போது ராவுத்தர் பெட்டி பாஸைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், போஸ்ட் மாஸ்டர் மாண்டலினோடு வந்தார், லூர்து சிஸ்டர் கையைக்கூடக் கழுவாமல் வயலினோடு ஓடிவந்தார், கடைசியாக ஜெயசீலன் வந்து தலையைக் குனிந்தபடி கிதாரை மாட்டினான். ஐந்து பேரும் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குள், ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதுபோல ஒவ்வொருத்தராக ஏறிக்கொண்டார்கள். ஒரு சுற்று வாசித்தார்கள். வழக்கமாகத் தப்பு விடுகிற இடத்தில் வெள்ளத்தாயி தப்பு விட்டாள். இன்னொரு சுற்று வாசித்தார்கள். மூன்றாவது சுற்றின் நடுவில் அவள் வலது காலைத் தரையிலிருந்து தூக்கினாள். காலில் ஒரு பாரமும் இல்லை, சும்மா வந்தது, அதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

பாட்டு முடிந்தது.

ஊரே அப்போதுதான் காற்றின் சத்தத்தைக் கேட்டது. அப்புறம் ஐம்பது நாளாகக் காத்துக்கிடந்த முடிவெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. சர்ச்சில் மெழுகுவத்தி அணைந்தது, குளித்துக்கொண்டிருந்தவர்களின் கையில் சோப்பு கரைந்து காணாமல் போனது, சண்டைக்காரிகள் இருவரும் எதற்குச் சண்டை என்று மறந்துபோய் எழுந்து வீட்டுக்குப் போனார்கள், பிள்ளைகள் லீவு முடிந்துவிட்டதென்று அழுதார்கள், அதிகாரி மாண்டலினைக் கீழே வைத்துவிட்டுத் தன் செருப்பைத் தேடினார். ஜெயசீலன் கிதாரை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடினான், அவனுக்கு முன்னால் சிஸ்டர் ஓடினார். வெள்ளத்தாயி தன் வீட்டுக்கு ஓடவில்லை, நடந்துதான் போனாள், போகும்போது நாலு வீடு தள்ளி ஒரு பச்சைப்பிள்ளை வீறிட்டது கேட்டது.

பால்சாமி வரிசையில் கொஞ்சம் பின்னால் நின்றார் போலிருக்கிறது. இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

"நின்னுருச்சா?"

"ம்."

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"யாரையும் கேக்கல."

கோபம்தான், அது முதுகிலேயே தெரிந்தது. கோபப்படட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று அவள் கட்டிலோரம் நின்றாள். அப்புறம் அவர் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சை இடையிடையே நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள பொறந்துருக்கு?"

"தெரியல. நான் நேரா இங்கதான் வந்தேன்."

"போயிப் பாத்துட்டு வா."

"அப்பறமாப் பாக்கலாம். என்ன அவசரம்?"

"எனக்கு அவசரம்தான். எதுக்கு நிறுத்துனன்னு நான் தெரிஞ்சுக்கிற வேண்டாமா? என்ன புள்ளன்னு பாத்துட்டு வந்து சொல்லு. வெரசாப் போ."

அவள் போனாள். ஜெயசீலன் வீட்டு வாசலில் கூட்டம், விலக்கிக்கொண்டு உள்ளே போனாள், ஸ்டெல்லா வெளிறிக் கிடந்தாள், உயிரோடு கிடந்தாள், சிஸ்டர் ஒரு பழைய வேட்டியில் சுற்றியிருந்த குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். "தூக்குங்கக்கா" என்றார். வெள்ளத்தாயி தூக்கவில்லை, பார்த்தாள், திரும்பி ஓடினாள், இந்தத் தடவை ஓடத்தான் செய்தாள், ஐம்பது வயசில் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு ஊர் பார்க்க ஓடினாள்.

"பொட்டப் புள்ளங்க" என்றாள், நிலைப்படியைத் தாண்டும்போதே.

பால்சாமி வாசலைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

கேட்கவில்லை போல என்று நினைத்து அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, "பொட்டப் புள்ளங்க" என்று இன்னொரு தரம் சொன்னாள். அவர் கையைத் தொட்டாள், அது தொய்ந்து கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அப்போதுதான் எட்டு மாதமாக எங்கேயோ போயிருந்தது அத்தனையும் அடிவயிற்றிலிருந்து ஒரேயடியாகக் கிளம்பி மேலே வந்தது, அவளுக்கு வாயில் வேறு வார்த்தை அகப்படவில்லை, நெஞ்சில் அறைந்துகொண்டு, "பொட்டப் புள்ளங்க, பொட்டப் புள்ளங்க" என்று தெருவே அதிரக் கத்தினாள். ஜெயசீலன் வாசலில் நின்ற கூட்டம் முதலில் சிரித்தது, பிள்ளை பிறந்த சேதியை வெள்ளத்தாயி ஊருக்குச் சொல்கிறாள் பார் என்றது. அப்புறம் ராவுத்தர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராக அவள் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.